ஒன்பது கஜத்தில் ஒரு சாண்

கனகராஜுக்குக் கையெழுத்து அழகு; அதில் அவருக்குக் கர்வமும் உண்டு. பாண்டி பஜார் தாமிரபரணி ஜவுளி மாளிகையில் சேலை மடிக்கிற ஆளாகச் சேர்ந்து, பதினாறு வருஷத்தில் மாடிக்கு சூபர்வைசராக ஏறியிருந்தார் என்றால், பாதி ஏற்றம் அந்தக் கையெழுத்தால் வந்தது. கடையிலிருந்து வெளியூர் போகிற கடிதம் எதுவானாலும் அவர் எழுதியதாகத்தான் இருக்கும். சாப்பாட்டு அறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிய 'ஊழியர் நடத்தை விதிகள்' பதினொன்றும் அவர் எழுதியவை. முதலாளி சண்முகசுந்தரம் ஒவ்வொன்றாகச் சொல்ல, இவர் பென்சிலால் கோடு போட்டு, கோட்டின் மேல் மையால் எழுதி, காய்ந்த பிறகு கோட்டை அழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து செய்த வேலை அது. ஏழாவது விதி இது: 'நம் சரக்கைப் பற்றி வாடிக்கையாளரிடம் குறை கூறலாகாது. மீறுவோர் அன்றே விலக்கப்படுவர்.' அந்த 'அன்றே' மட்டும் சிவப்பு மையில் இருக்கும். முதலாளி சிவப்பு மை கேட்கவில்லை. கனகராஜாகப் போட்டார்.

அது அறுபத்தொன்பதாம் வருஷத்துக் கார்த்திகை. தை பிறந்ததும் அடையாறில் கிளை திறப்பதென்று முடிவாகி, அதற்கு மேனேஜர் கனகராஜ்தான் என்று முதலாளி நாலு பேர் முன்னால் சொல்லியும் விட்டார். சொன்ன அன்றைக்கே அவர் மனைவி பேச்சியம்மாள், மேற்கு மாம்பலத்தில் தாங்கள் குடியிருந்த ஸ்டோர் முழுக்கச் செய்தியைப் பரப்பிவிட்டாள். ஐந்து குடித்தனத்துக்கு ஒரே குழாய் உள்ள ஸ்டோர் அது. விடிவதற்கு முன்னால் குடத்தோடு போய் வரிசையில் நின்றே அவளுக்குப் பன்னிரண்டு வருஷம் கழிந்திருந்தது. அடுத்த ஞாயிறே அடையாறுக்குப் பஸ் ஏறிப் போய், சமையற்கட்டுக்குள்ளேயே குழாய் உள்ள ஒரு வீட்டைப் பார்த்து, குழாயைத் திறந்து, மூடி, நம்பிக்கை வராமல் மறுபடி திறந்து பார்த்துவிட்டு வந்தாள். தை மாதம் வருகிறோம் என்று வீட்டுக்காரரிடம் வாக்கும் கொடுத்தாயிற்று. புதுக் கடையின் சாவிக்கொத்து ஒரு வாரமாகக் கனகராஜின் சட்டைப் பையில் கனத்துக்கொண்டிருந்தது.

மாடியின் வலது கோடியில் ஒன்பது கஜம் பகுதி. மயிலாப்பூர் மாமிகள் மடிசார் கட்டுகிற சேலைகள் அங்கேதான். பதினாலு வருஷமாக அந்தப் பகுதியைக் கவனித்து வந்தவர் வலியுல்லா. ஜாம்பஜாரிலிருந்து சைக்கிளில் வருகிற மனுஷர். வீட்டில் மனைவி ஜைதூன் பீயும் மூன்று பெண்களும். இவருக்கும் மடிசாருக்கும் என்ன சம்பந்தம் என்று புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். அரைமணி நேரம் பக்கத்தில் நின்றால் சிரிப்பு போய்விடும். ஒரு மாமி படியேறி வரும்போதே, இவருக்கு எத்தனை கொசுவம் வரும், கச்சம் வாங்கிச் செருகினால் கணுக்கால் மறையுமா மறையாதா என்று வலியுல்லா மனசுக்குள் கட்டி முடித்திருப்பார். சக ஊழியரிடம் அசல் ஜாம்பஜார் பாஷை பேசுகிறவர், மாமிகள் வந்து பாயில் உட்கார்ந்ததும் மயிலாப்பூர் மாடவீதிக்குக் குடி மாறிவிடுவார். "ஆத்துல என்ன விசேஷம் மாமி?" என்று ஆரம்பிப்பார். அது நடிப்பென்று யாருக்கும் பட்டதில்லை. எதிரே இருக்கிறவருக்கு எந்தப் பேச்சு சௌகரியமோ அதைப் பேசினார், அவ்வளவுதான்.

ஆறு கஜம் வாங்குகிறவர்கள் நிறம் கேட்பார்கள், கரை கேட்பார்கள். ஒன்பது கஜம் வாங்குகிற மாமி எவரும், கடைசியாக ஒரு கேள்வி கேட்காமல் பாயை விட்டு எழுந்ததில்லை. "நீளம் சரியா இருக்குமோன்னோ?" மடிசாரில் நீளம் குறைந்தால் சபையில் குனிந்து நிமிர முடியாது. அதனால் அந்தக் கேள்வி. வலியுல்லா "இருக்கும் மாமி" என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு யாரும் அளக்கச் சொல்வதில்லை. அவர் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் கச்சிதமாக அரைக் கஜம். கடை ஆட்கள் பழைய கஜக்கோலை வைத்துப் பந்தயம் கட்டி, தோற்றும் போயிருக்கிறார்கள்.

அந்தக் கஜக்கோல்தான் வினையாகப் போயிற்று. சர்க்கார் கஜத்தை ஒழித்து மீட்டரைக் கொண்டுவந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. இன்ஸ்பெக்டர் வந்து கஜக்கோல்களை எடுத்துக்கொண்டு போனார். கடைக்கு மீட்டர் கோல் வந்தது, பில்லில் மீட்டர் வந்தது. வாங்குகிறவர் வாயில் மட்டும் கஜம் அப்படியே இருந்தது. ஜவுளிக்கடைக்காரர்கள் காலையிலிருந்து மாலைவரை ஒன்றை இன்னொன்றாக மனசுக்குள் மாற்றிக்கொண்டே காலம் தள்ளினார்கள். ஒன்பது கஜம் என்றால் எட்டு மீட்டரும் இருபத்து மூன்று சென்டிமீட்டரும். ஆவணி மாதம், ஆரணிப் பக்கத்துத் தறிக்காரர் ராஜரத்தினம் என்பவருக்கு அறுபது ஒன்பது கஜப் பட்டுக்கு ஆர்டர் எழுத உட்கார்ந்தார் கனகராஜ். அந்த இருபத்து மூன்று அவர் கண்ணை உறுத்தியது. முத்து முத்தாக ஓடிக்கொண்டிருந்த வரிக்கு நடுவில் ஒரு புள்ளியும் இரண்டு இலக்கமும் வந்து உட்காருவதா? நெய்கிறவனுக்குத் தெரியாதா, ஒரு கை கூடத்தான் விடுவான் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு, '8 மீட்டர்' என்று அழகாக எழுதி அனுப்பிவிட்டார்.

ராஜரத்தினம் அதுவரை ஆறு கஜமே நெய்தவர். சந்தேகம் வந்து ஒரு தபால் கார்டு போட்டார். எட்டு மீட்டர் போதுமா, கொஞ்சம் கூட வேண்டுமா, தயவுசெய்து தெரிவிக்கவும் என்று மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். தம் கடிதத்தை ஒரு தறிக்காரர் திருத்துவதா என்று கனகராஜுக்குச் சுருக்கென்றது. 'எழுதியபடி நெய்யவும்' என்று ஒரே வரியில் பதில் எழுதினார். இரண்டு கடிதங்களின் கார்பன் நகலும் அந்தக் கார்டும் ஃபைலுக்குள் போயின. அதோடு அவர் அதை மறந்தும் போனார்.

கார்த்திகை முதல் வாரம் மூட்டை வந்தது. வலியுல்லா ஒரு சேலையை எடுத்து உதறி, கையில் முழம் போட்டுக்கொண்டே வந்தார். பதினெட்டு முழம் வரவேண்டும். பதினேழரையில் துணி தீர்ந்துபோயிற்று. இன்னொன்றை எடுத்தார், அதுவும் பதினேழரை. ஏழெட்டு சேலை பார்த்துவிட்டு நேரே கனகராஜின் மேஜைக்கு வந்தார். பக்கத்தில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, குரலைத் தணித்து, எல்லாவற்றிலும் ஒரு சாண் குறைகிறது என்றார்.

கனகராஜுக்கு அந்த நிமிஷமே ஞாபகம் வந்துவிட்டது. கார்த்திகை, தை முகூர்த்தத்துக்கென்று வரவழைத்த சரக்கு, அறுபதும் பட்டு. முதலாளிக்குத் தெரிந்தால் அடையாறு என்ன ஆகும், பேச்சியம்மாளின் குழாய் என்ன ஆகும் என்றெல்லாம் மனசு ஓடியது. ஆனாலும் சூபர்வைசர் குரலை விடாமல், ஒரு சாண்தானே பாய், கொசுவத்தில் ஒன்று குறையும், யார் பார்க்கப் போகிறார்கள், முதலாளி வரைக்கும் கொண்டுபோக வேண்டாம், வாயை மூடிக்கொண்டு விற்றுவிடும் என்று சொன்னார்.

"விக்கிறேன் சார்," என்றார் வலியுல்லா. "ஆனா நீளம் சரியா கீதான்னு கேட்டா, இல்லேன்னுதான் சொல்வேன்."

"யாரு கேக்கப் போறா?" என்றார் கனகராஜ்.

பதினாறு வருஷம் அந்தக் கடையில் குப்பை கொட்டிய மனுஷர் கேட்ட கேள்வி அது. பயம் வந்தால் புத்தி எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ தெரியவில்லை.

அடுத்த பத்து நாளும் வந்த மாமிகள் அத்தனை பேரும் கேட்டார்கள். வலியுல்லா அத்தனை பேருக்கும் சொன்னார். அவர் சொன்ன விதம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் கனகராஜால் மறக்க முடியவில்லை. குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. இது அரக்கு, இது மாம்பழ நிறம் என்று சொல்கிற அதே மாதிரி, இதில் ஒரு சாண் குறைச்சல் என்றார். குள்ளமாக இருந்தவர்களிடம், உங்களுக்குத் தாராளமாக வரும், உங்கள் நாத்தனாருக்கு வராது என்றார். அப்படிச் சொல்லியே ஒன்பது சேலை விற்றும் விட்டார். கனகராஜ் மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்தார். ஆனாலும் அவர் மனசின் ஒரு மூலை, அந்த மனுஷர் அதைச் சொல்வதைத் தினமும் எதிர்பார்த்துக் காத்திருந்தது. தமக்கு அப்படி ஒரு வாக்கியம் சொல்ல வராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பதினோராம் நாள் மத்தியானம் ஜானு மாமி வந்தார். மயிலாப்பூரில் அவர் தெருவிலேயே உயரமான மனுஷி. இருபது வருஷமாகக் கடைக்கு வருகிறவர். மகள் கல்யாணத்துக்கு முன்னால் சுமங்கலிப் பிரார்த்தனை, அதற்கு நாலு சேலை, தமக்கு ஒன்று என்று ஐந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டார். வலியுல்லா வழக்கமான பதிலைச் சொன்னார். மாமி ஐந்தையும் பாயில் வைத்துவிட்டு, அடுத்த சரக்கு வந்ததும் ஒரு கார்டு போடுங்கோ என்று சொல்லி, சந்தோஷமாகவே எழுந்தார். அந்தச் சந்தோஷத்தில்தான் வந்தது வம்பு. கீழே வாசலை ஒட்டி மேஜை போட்டு உட்கார்ந்திருந்த முதலாளியிடம் நின்றுவிட்டார்.

"உங்க வலியுல்லா மாதிரி ஒரு மனுஷரை நான் பார்த்ததில்லை சார். புடவை ஒரு சாண் கம்மி மாமி, உங்க உயரத்துக்கு வராதுன்னு தன் வாயாலயே சொல்லிட்டார். இப்படி ஒருத்தரை வெச்சுண்டிருக்கேளே, உங்களைச் சொல்லணும்."

முதலாளி சிரித்தார், கும்பிட்டார், வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். மூட்டு வலி என்று மாடிப்படியே ஏறாத மனுஷர் திரும்பி வந்து மாடி ஏறினார். ஒரு சேலையை எடுத்து மீட்டர் கோலால் அளக்கச் சொன்னார். எட்டு மீட்டருக்கு ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிறகு இருவரையும் பின்கட்டு அறைக்கு வரச் சொன்னார். சண்முகசுந்தரத்துக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். அன்றைக்கு மின்விசிறிச் சத்தத்துக்கு மேல் அது காதைத் தீட்டினால்தான் கேட்டது.

"குறைவுன்னு தெரிஞ்சா எங்கிட்டல்லா வந்து சொல்லணும்? வாங்க வந்த பொம்பளைகிட்டயா சொல்லுவீரு?"

'முதல் நாளே சூபர்வைசரிடம் சொன்னேன்.' நாலு வார்த்தை. அது வரப்போகிறது என்று கனகராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்ககிட்ட வந்து சொல்லாதது என் தப்புதான் முதலாளி," என்றார் வலியுல்லா.

அவ்வளவுதான் சொன்னார். முதலாளி ஏழாவது விதியைப் பற்றிப் பேச்செடுத்தார். விதி எல்லோருக்கும் ஒன்றுதான், பதினாலு வருஷத்துக்கு மரியாதையாக நாளை ஒரு நாள் வந்து சரக்கை ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்றார். கனகராஜ் பக்கம் திரும்பி, அந்த ஆரணித் தறிக்காரன் அளவில் மோசம் பண்ணிவிட்டான், மிச்சம் ஐம்பத்தொன்றையும் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி நன்றாக உறைக்கிற மாதிரி எழுதும், இனிமேல் நம்மிடம் ஆர்டர் கிடையாது என்றும் எழுதும் என்றார். "சரி முதலாளி" என்றார் கனகராஜ். அந்த அறைக்குள் அவர் பேசிய பேச்சு அது ஒன்றுதான்.

வீட்டில் பேச்சியம்மாள், அடையாறு வீட்டுச் சமையற்கட்டில் குழாய்க்குக் கீழே ஒரு தொட்டி கட்டலாமா என்று கேட்டாள். தலைவலி என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கடை திறந்ததும் தறிக்காரருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். 'தாங்கள் ஒப்புக்கொண்ட அளவுக்குக் குறைவாக நெய்து அனுப்பி' என்பது வரை பேனா தடையில்லாமல் ஓடியது. ஆர்டர் எழுதிய தேதியைக் குறிப்பிட வேண்டியிருந்தது. ஃபைலைத் திறந்தார். '8 மீட்டர்' என்று கார்பன் நகல். அடுத்த தாளில், 'எழுதியபடி நெய்யவும்.' கையெழுத்து கார்பனில்கூட அழகாகத்தான் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ராஜரத்தினத்தின் கார்டு. கனகராஜ் அந்த மனுஷரைப் பார்த்ததே இல்லை. பார்க்காத அந்த ஆள் சந்தேகத்தை ஒழுங்காகக் கேட்டு, வந்த பதிலுக்குக் கீழ்ப்படிந்து, நூல் பிசகாமல் நெய்து அனுப்பியிருக்கிறார். சொன்னபடி நெய்தவருக்கும் உள்ளபடி சொன்னவருக்கும் தண்டனை. தப்பை எழுதிய கைக்கு மேனேஜர் வேலை. கனகராஜுக்குத் தம் வலது கையைப் பார்க்கவே கூசியது. பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஒன்பது கஜம் பகுதியில் வலியுல்லா பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் ஐம்பத்தொரு சேலை அடுக்கியிருந்தது. வெள்ளைத் தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து, ஒவ்வொரு துண்டிலும் பென்சிலால், '8 மீட்டர். ஒரு சாண் கம்மி' என்று எழுதி, ஒவ்வொரு சேலையின் மேல்மடிப்பிலும் செருகிக்கொண்டிருந்தார். அவர் எழுத்து கோணல்மாணலாக இருந்தது. 'ம்'முக்கு வைத்த புள்ளி எங்கேயோ போய் நின்றது.

"என்ன பாய் செய்யுதீரு?" என்றார் கனகராஜ்.

"நாளைக்கு இங்க குந்துற ஆளுக்குத் தெரியாதில்ல சார். மூட்டை ஆரணிக்குத் திரும்பிப் போறதுக்கு முன்னாடி தெரியாம வித்துட்டான்னா?"

வேலை போன மனுஷர், தமக்குப் பிறகு வரப்போகிற முன்பின் தெரியாத ஒருவனைப் பொய் சொல்ல விடக்கூடாதென்று ஐம்பத்தொரு சீட்டு எழுதுகிறார். கனகராஜ், சூபர்வைசர் ஆன பிறகு முதல் தடவையாகப் பாயில் உட்கார்ந்தார்.

"ஆர்டர் எழுதினது நான்தான்னு உமக்குத் தெரியுமா பாய்?"

"தெரியும் சார். அந்த ஆரணிக்காரர் கார்ட போஸ்ட்மேன்கிட்ட வாங்கியாந்து உங்க டேபிள் மேல வெச்சதே நான்தான். வர்ற வழில படிச்சிட்டேன். அது தப்புதான்."

"அப்போ நேத்து ஏன் சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உம்ம வேலை தப்பிச்சிருக்கும்லா?"

வலியுல்லா கையிலிருந்த சீட்டைச் செருகி, மடிப்பைத் தடவி நேராக்கினார்.

"துணியப் பத்தி கேட்டா சொல்றது என் வேலை சார். உங்களப் பத்தி சொல்றது உங்க வேலை."

குத்திக் காட்டுகிற தொனி அதில் துளியும் இல்லை. குத்தியிருந்தால் கனகராஜ் பதிலுக்குக் கோபித்துக்கொண்டு தப்பித்திருப்பார். வீட்டில் சொல்லியாயிற்றா என்று மட்டும் கேட்டார். நேற்றே ஜைதூன் பீயிடம் சொல்லிவிட்டேன், அளக்கிற கை இருக்கிறது, வேறு கடை பார்க்கலாம் என்றாள் என்று வலியுல்லா சொல்லிவிட்டு அடுத்த தாளைக் கிழித்தார். வேலை போனவர் வீட்டில் சொல்லிவிட்டார். வேலை நிலைத்தவர் தலைவலி என்று படுத்துக்கொண்டார். அதை நினைத்ததும் கனகராஜுக்குத் தம்மேல் வெட்கம் பொங்கியது. மேஜைக்குப் போய் ஃபைலை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

பதினெட்டுப் படிதான். இறங்குவதற்குள் மூன்று தடவை திரும்பிவிடலாமா என்று தோன்றியது. முதலாளி தபால் பார்த்துக்கொண்டிருந்தார். கனகராஜ் இரண்டு நகலையும் கார்டையும் அவர் முன்னால் வரிசையாக வைத்தார்.

"முதலாளி, குறைவா நெய்யச் சொன்னது நான். மூட்டை பிரிச்ச அன்னைக்கே பாய் எங்கிட்ட சொல்லிட்டாரு. வாயை மூடிட்டு வித்திரும்னு சொன்னதும் நான்தான்."

சண்முகசுந்தரம் மூன்றையும் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். 'எழுதியபடி நெய்யவும்' என்ற வரியில் அவர் விரல் நின்றது. அந்த நாலைந்து நிமிஷத்தில் வாசலில் இரண்டு வாடிக்கைக்காரர்கள் வந்து வணக்கம் சொன்னார்கள். அவர் தலையைத் தூக்கவில்லை. கடைசியில் மெல்லிய குரலில், அடையாறுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கனகராஜ் சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேஜையில் வைத்தார். இறக்கி வைத்ததும் பயத்துக்குப் பதில் ஒரு நிம்மதி வந்தது. அது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இன்றிலிருந்து ஒன்பது கஜத்தில் போய் உட்கார்ந்து பாயிடம் அளக்கப் படித்துக்கொள்ளும் என்று முதலாளி மேற்கொண்டு சொன்னதையும் கேட்டுக்கொண்டார்.

சண்முகசுந்தரம் லேசில் மன்னிப்புக் கேட்கிற ஜாதி இல்லை. அன்றைக்கும் கேட்கவில்லை. ஆனால் இரண்டு நாளில் இரண்டாவது தடவையாக, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார். வலியுல்லாவுக்கு முன்னால் வந்து நின்று ஒரு சேலையிலிருந்து சீட்டை உருவிப் படித்தார். திரும்ப அதே மடிப்பில் செருகினார். "நாளைக்கும் வாரும் பாய்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு அறைக்குப் போனார். கனகராஜ் பின்னாலேயே போனபோது, விதிகள் எழுதிய சட்டம் சுவரிலிருந்து இறங்கி மேஜைமேல் கிடந்தது. அந்த ஏழாவதை எடுத்துவிடும் என்றார் முதலாளி. அந்த இடத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டதற்கு, ஒன்றும் எழுத வேண்டாம், சும்மா கிடக்கட்டும் என்றார். கனகராஜ் சிவப்பு மை தெரியாதபடி ஒரு வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டினார். அதற்குப் பிறகு அந்தக் கடையில் ஆறாவது விதிக்கு அடுத்தது எட்டாவது விதிதான். புதிதாகச் சேருகிறவர்கள் ஏழாவது எங்கே என்று கேட்பார்கள். யாராவது ஒருவர் கைவேலையை நிறுத்திவிட்டு வலியுல்லா கதையைச் சொல்வார்.

ராஜரத்தினத்துக்குக் கடிதம் போயிற்று. தப்பு எங்களுடையது, மேலும் அறுபது சேலை வேண்டும், நீளம் இரண்டு சென்டிமீட்டர் கூடவே விட்டு 8 மீட்டர் 25 சென்டிமீட்டர் என்று எழுதியபோது கனகராஜின் எழுத்து கொஞ்சம் கோணியது. அவர் திருத்தி எழுதவில்லை. ஐம்பத்தொன்றையும் சீட்டோடும் விலைக் குறைப்போடும் விற்பதென்று முடிவாயிற்று. மயிலாப்பூரிலும் கோபாலபுரத்திலும் உயரம் குறைந்த மாமிகள் யார் யார், எந்தத் தெரு என்று வலியுல்லா மனப்பாடமாகச் சொல்ல, கனகராஜ் உட்கார்ந்து கார்டு எழுதினார். வந்த மாமிகள், நான் குள்ளம்னு இவருக்கு யார் சொன்னா என்று பொய்க்கோபம் காட்டிக்கொண்டே வாங்கிப் போனார்கள்.

பேச்சியம்மாளிடம் அன்று சாயங்காலமே சொல்லிவிட்டார். அவள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் குழாயடியில், எப்போ அடையாறு என்று பக்கத்துக் குடித்தனக்காரி கேட்டாள். வரிசையில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "போகலை. அவுக கடையில ஒரு தப்பு நடந்துபோச்சு. நான்தான் செஞ்சேன்னு அவுகளே போய்ச் சொல்லிட்டாக" என்றாள் பேச்சியம்மாள். குரல் தழைந்திருக்க வேண்டிய இடம் அது. தழையவில்லை என்று பிறகு அந்தக் குடித்தனக்காரியே வந்து கனகராஜிடம் சொன்னாள்.

தை பத்தாம் தேதி ஆரணியிலிருந்து புது மூட்டை வந்தது. கனகராஜ் அறுபதையும் மீட்டர் கோல் வைத்து, தரையில் விரித்து, ஒவ்வொன்றாகத் தாமே அளந்தார். முழம் போட இன்னும் கை பழகவில்லை. அன்றைக்கு வலியுல்லாவுக்குக் கூட்டம். மூட்டைப் பக்கம் வரவே இல்லை.

மறுநாள் கார்டு கிடைத்து ஜானு மாமி வந்தார். வலியுல்லா இன்னொரு குடும்பத்துக்குச் சேலை காட்டிக்கொண்டிருந்ததால், மாமிக்குக் கனகராஜ்தான் எடுத்துப் போட்டார். ஐந்து பிடித்துவிட்டது. மாமி மடியில் அடுக்கிக்கொண்டார். பிறகு கனகராஜைத் தாண்டி, அந்தக் கோடியில் இருந்தவரைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏன் வலியுல்லா, நீளம் சரியா இருக்குமோன்னோ?"

அந்தச் சேலைகளில் ஒன்றைக்கூட வலியுல்லா தொட்டுப் பார்த்ததில்லை. அது கனகராஜுக்குத் தெரியும். பதினாலு வருஷத்தில் தாம் அளக்காத துணிக்கு அந்த மனுஷர் பதில் சொன்னதில்லை என்பதும் தெரியும். வலியுல்லா கையிலிருந்த சேலையைக் கீழே வைக்காமல் இந்தப் பக்கம் திரும்பினார்.

"சார் அளந்திருக்கார் மாமி. சரியா இருக்கும்."

மாமி திருப்தியாக ஐந்தையும் நீட்டினார். கனகராஜ் வாங்கிக்கொண்டார். கண் கலங்கியதை மறைக்கக் குனிந்துகொண்டு, ஒரு நிமிஷம் மாமி என்று சொல்லி, மேலாக இருந்த சேலையைப் பிரித்து விரித்து, கோலை எடுத்து, தலைப்பிலிருந்து மறுபடி அளக்க ஆரம்பித்தார்.